பெல்ட்டா, ஸ்டாண்ட் எய்டா, தொட்டில் லிஃப்டா? வீட்டில் நோயாளியை இடம் மாற்ற எதை எடுப்பது

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த போன் வந்துவிடும். "சார், அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே முடியவில்லை. ஆன்லைனில் ஒரு லிஃப்ட் பார்த்தேன், லிங்க் அனுப்பியிருக்கிறேன். வாங்கிடலாமா?" நான் லிங்க்கைத் திறப்பதற்கு முன்பே கேட்பது: "கட்டில் ஓரத்தில் யாரும் பிடிக்காமல் எவ்வளவு நேரம் உட்காருகிறார்? நல்ல காலை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறாரா?" லிஃப்டைப் பற்றிக் கேட்டால் இவர் காலைப் பற்றிக் கேட்கிறாரே என்று எதிர்முனையில் கொஞ்சம் சலிப்பு தெரியும். ஆனால் எந்தக் கருவி என்பதில் முக்கால் பங்கு முடிவு அந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. மீதிக் கால் பங்கை உங்கள் வீட்டுக் கட்டிலும் குளியலறைக் கதவும் முடிவு செய்யும்.

நான் திருச்சியில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஃபிசியோ. பெரும்பாலும் பக்கவாதம், அடுத்து முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிகள். இந்தக் கருவிகளில் ஏறக்குறைய எல்லாவற்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் எதுவும் இல்லாமல் வெறும் கையால் தூக்கியும் இருக்கிறேன். அதன் பலன் என் இடுப்பு டிஸ்க்கில் இன்னமும் இருக்கிறது.

முதலில் அந்த வெறுங்கை விஷயம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் 2007இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒருவர் கையால் தூக்கும் நோயாளியின் எடை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் நோயாளி ஒத்துழைக்க வேண்டும், உடம்போடு ஒட்டிப் பிடிக்க முடிய வேண்டும், திரும்பாமல் நேராகத் தூக்க வேண்டும். 70 கிலோ மனிதரின் ஒரு கால் மட்டுமே ஏறத்தாழ 11 கிலோ. அதாவது ஒரு காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கலாம், அவ்வளவுதான். நம் வீடுகளிலோ 48 கிலோ மனைவி, 75 கிலோ கணவரை, சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டிலில் ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு, குனிந்து, திரும்பித் தூக்குகிறார். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை.

தூக்குபவரின் இடுப்பு ஒரு பக்கம். தூக்கப்படுபவருக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுப்பதுதான் நம் ஊர் வழக்கம். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்து கிடக்கும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது மேல்கை எலும்பு மேலே தள்ளப்படும், கையைப் பிடித்து இழுத்தால் கீழே இறங்கும். ஒரு மாதம் கழித்து, "சோல்டர்ல தொட்டாலே கத்துறாங்க சார், இதுவும் ஸ்ட்ரோக்கால்தானா?" என்பார்கள். பாதிதான் ஸ்ட்ரோக்கால். மீதி, நாம் தூக்கிய விதத்தால்.

சரி, கருவி வேண்டும். அப்போது அடுத்த சந்தேகம் வரும்: "மிஷினில் பழகிவிட்டால் சோம்பேறி ஆகிவிட மாட்டாரா? அப்புறம் நடக்கவே மாட்டாரே." ஃபிசியோக்களிலேயே இப்படி நினைப்பவர்கள் உண்டு. கையால் தொட்டுச் செய்வதுதான் வைத்தியம் என்று படித்து வந்தவர்கள் நாங்கள். இதைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வந்தது. ஒரு மறுவாழ்வுப் பிரிவில் தூக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, ஊழியர்களைப் பழக்கி, அதற்கு முந்தைய ஓராண்டு நோயாளிகளையும் பிந்தைய ஓராண்டு நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். மொத்தம் 1,291 பேர். கருவி வந்த பிறகு சேர்ந்தவர்கள் நடமாட்டத்தில் பின்தங்கவில்லை. சேரும்போதே ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் முன்பைவிடச் சற்று மேலாகவே வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தூக்குவது கஷ்டம் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது? காலையில் ஒரு தடவை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மதியம் படுத்தால் அடுத்த நாள் காலைதான். டயப்பர் போட்டாயிற்று, பாத்ரூம் போகிற வேலையும் இல்லை. கருவி இருக்கும் வீட்டில் நான்கு தடவை எழுப்புகிறார்கள். உட்காருவதே பயிற்சிதான், கழுத்து நிற்கும், இடுப்பு நிற்கும், சளி கட்டாது. சோம்பேறி ஆக்கும் கருவியும் உண்டு, மறுக்கவில்லை. தேவைக்கு மேல் உதவும் கருவி அப்படித்தான் செய்யும். நோயாளியால் முடியாததை மட்டும் கருவி செய்ய வேண்டும், முடிந்ததை அவரிடமே விட வேண்டும். கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

பெல்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில நூறு ரூபாய்தான். இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டை, சில மாடல்களில் பிடிக்கக் காதுகள் இருக்கும். வேட்டி முடிச்சையோ நைட்டியையோ அள்ளிப் பிடிப்பதற்குப் பதில் இதைப் பிடிக்கலாம். ஆனால் இது தூக்கும் கருவி அல்ல. பாதிக்கு மேல் தானே எழுந்திருப்பவருக்கு, தடுமாறினால் பிடித்துக்கொள்ள மட்டும். பெல்ட்டைப் பிடித்து எழுபது கிலோவைத் தூக்கினால் உங்கள் இடுப்பு போவது போவதுதான், கூடவே அவர் நெஞ்சு வரை பெல்ட் ஏறி விலா எலும்பை அழுத்தும்.

சறுக்குப் பலகையும் விலை குறைந்ததே. கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவே பாலம் போலப் பலகையை வைத்து, பிட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் போவது. கால் இரண்டும் போய், கை இரண்டும் நன்றாக இருப்பவர்களுக்கு, அதாவது இடுப்புக்கு மேல் பலமுள்ள முதுகுத்தண்டுக் காய நோயாளிகளுக்கு, இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. யாரையும் எதிர்பார்க்காமல் அவரே போய் வருவார். இரண்டு உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெறும் தோல் பலகையில் இழுபடக் கூடாது. உணர்ச்சி இல்லாத இடத்தில் தோல் உரிந்தால் அவருக்கே தெரியாது, அங்கேதான் படுக்கைப்புண் தொடங்கும். பக்கவாதக்காரர்களுக்கு இதை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒரு கையும் ஒரு காலும் மட்டும் தள்ளும்போது உடம்பு கோணலாகச் சரியும்.

அடுத்தது ஸ்டாண்ட் எய்டு. மறுவாழ்வுக்கு என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான், நம் ஊர்க் கடைகளில் அதிகம் கண்ணில் படாததும் இதுதான். சக்கரம் வைத்த சிறு மேடை, பாதம் வைக்க. முழங்காலுக்குக் கீழே முட்டுக்கொடுக்கும் ஒரு பஞ்சுப் பட்டை. எதிரே பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கம்பி. நோயாளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேடையில் வைத்து, கம்பியைப் பிடித்துத் தானே எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் பின்னால் இரண்டு பக்கமிருந்தும் இருக்கை மடல்களைத் திருப்பிவிடுவோம். அதன் மேல் பாதி உட்கார்ந்தபடியே பாத்ரூம் வரை தள்ளிக்கொண்டு போகலாம். மோட்டார் கிடையாது, சார்ஜ் கிடையாது.

இதற்குத் தகுதி வேண்டும். பிடிக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும், ஒரு காலாவது எடையைத் தாங்க வேண்டும், ஒரு கையாவது பிடிக்க வேண்டும், "இப்போ எழுந்திருங்க" என்றால் புரிய வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம்.

ஒரு நாளில் நோயாளி எத்தனை தடவை இடம் மாறுகிறாரோ அத்தனை தடவை எழுந்து நிற்கும் பயிற்சி நடந்துவிடுகிறது என்பதுதான் இதன் அழகு. நான் வந்து அரை மணி நேரம் செய்யும் பயிற்சியைவிட, பாத்ரூம் போகும் சாக்கில் எட்டுத் தடவை எழுந்திருப்பது அதிகப் பலன் தரும். குறையும் உண்டு. கம்பியை நல்ல கையால் இழுத்து இழுத்து எழுந்தால் நல்ல பக்கம் மட்டுமே வேலை செய்யும். மடங்கி இறுகிய கை இன்னும் இறுகும். நாம் சாதாரணமாக எழுந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள்: தலையும் நெஞ்சும் முதலில் முன்னால் சாயும், அப்புறம்தான் பிட்டம் கிளம்பும். அதனால் நான் கம்பியை இழுக்கவிடாமல், மேலே உள்ளங்கையை வைத்து, மூக்கைக் கால் கட்டைவிரலுக்கு நேரே கொண்டுவரச் சொல்வேன். இருக்கை மடலில் பாதி உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவது தாழ்ந்த கட்டிலிலிருந்து எழுவதைவிட எளிது; அங்கிருந்தே பயிற்சியைத் தொடங்கிப் படிப்படியாக உயரத்தைக் குறைக்கலாம். முதுகுக்குப் பின்னால் பட்டை போட்டு மோட்டார் இழுத்து நிறுத்தும் வகையும் இருக்கிறது. காலில் கொஞ்சம் பலம் குறைந்தவர்களுக்கு அது சரி. ஆனால் அதில் நோயாளி சும்மா தொங்கிக்கொண்டே எழுந்துவிடலாம், அப்போது பட்டை அக்குளில் ஏறும். தோள் கதை மறுபடியும்.

இப்போது எல்லாரும் லிங்க் அனுப்பும் கருவிக்கு வருவோம். டிரான்ஸ்ஃபர் சேர். நான்கு சக்கர நாற்காலி, இருக்கை பின்பக்கம் இரண்டாகப் பிளந்து கதவு மாதிரி திறக்கும். உட்கார்ந்திருப்பவரின் இரு பக்கமும் பாதி பாதியாகத் தொடைக்கு அடியில் செருகி, பின்னால் பூட்டி, கைப்பிடியைச் சுற்றினால் இருக்கை உயரும். அப்படியே தள்ளிக்கொண்டு போய் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மேலே நிறுத்திக்கொள்ளலாம். யாரும் யாரையும் தூக்கவில்லை. வீடியோவில் பார்த்தால் மாயாஜாலம் போல இருக்கும், விலையும் முழு லிஃப்டைவிடக் குறைவு.

நல்ல கருவிதான். ஆனால் மூன்று விஷயங்களை வீடியோ காட்டாது. உட்கார்ந்தால் நிலைக்காமல் சாயும் நோயாளிக்கு இது ஆபத்து. பெரும்பாலான மாடல்களில் தலைக்குப் பிடிமானம் கிடையாது. இரண்டாவது, தரையிலிருந்து தூக்காது. மூன்றாவது, இதில் பயிற்சி என்று ஒன்றும் இல்லை, பஸ் சீட்டில் உட்கார்ந்து போவது போல. எழுந்திருக்கத் தொடங்கிய ஒருவரை வசதி கருதி ஆறு மாதம் இதிலேயே வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். 'சோம்பேறி ஆக்கும்' என்ற குற்றச்சாட்டு எந்தக் கருவிக்காவது பொருந்துமென்றால், தவறான ஆளுக்கு வாங்கிய இந்த நாற்காலிக்குத்தான்.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் பின்பூட்டு முழுதாக விழவில்லை. உயர்த்தும்போது இருக்கை ஒரு விரல் அளவு விரிந்தது. மருமகள் கவனித்து, சட்டென்று இறக்கிவிட்டதால் தப்பித்தோம். அன்று முதல் அந்த வீட்டில் பூட்டியதும் இரண்டு பாதியையும் கையால் வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவார்கள்.

கடைசியாக, முழு உடம்பையும் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் லிஃப்ட். கடையில் பேஷண்ட் லிஃப்ட் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். பார்த்ததும் வீட்டார் முகம் மாறும். "கிரேன் மாதிரி இருக்கே சார், அம்மாவை இதில் தொங்கவிடறதா?" அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதனால் முதல் நாள் நானே ஏறி உட்கார்ந்து காட்டுவேன். பிறகு மகனையோ மகளையோ உட்கார வைப்பேன். உட்கார்ந்து பார்த்தவர்கள் அம்மாவை வேகமாக ஆட்ட மாட்டார்கள்.

தொட்டிலை மாட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவை ஒருபக்கமாகத் திருப்பி, தொட்டில் துணியைப் பாதி மடித்து முதுகோடு ஒட்டி வைத்து, மறுபக்கம் திருப்பி இழுத்துவிட வேண்டும். படுக்கை விரிப்பு மாற்றுவது போலத்தான். துணியின் கீழ் ஓரம் வால் எலும்புக்கு வர வேண்டும். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கொண்டுவந்து, நடுவில் ஒன்றையொன்று குறுக்காக மாட்டினால் தொடை விரியாது. நைட்டி தொடைக்கு மேல் சுருண்டு ஏறும், அதனால் மேலே ஒரு துண்டு போர்த்துங்கள். இது சின்ன விஷயம் அல்ல, அவமானமாக உணர்ந்த நோயாளி அடுத்த நாள் லிஃப்டே வேண்டாம் என்பார். பட்டை நுனியில் பல நிறக் காதுகள் இருக்கும். தோள் பக்கம் குட்டைக் காதும் கால் பக்கம் நீளக் காதும் மாட்டினால் நிமிர்ந்து உட்காருவார். மாற்றி மாட்டினால் சாய்வார். இடம் வலம் ஒரே நிறம். மூத்திரப் பையைக் காலி செய்து, தொட்டிலில் சிக்காமல் எடுத்துவிட வேண்டும். மெத்தையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்கியதும் நிறுத்தி, எல்லாக் கொக்கிகளையும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே போக வேண்டும்.

தூக்கும்போது வீல்சேருக்கு பிரேக் போட வேண்டும், லிஃப்டுக்குப் போடக் கூடாது. அநேகமாக எல்லாத் தயாரிப்பாளர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எடை ஏறும்போது லிஃப்ட் தானே கொஞ்சம் நகர்ந்து, எடைக்கு நேரே வந்து நிற்கும். பிரேக் போட்டால் நோயாளி ஊஞ்சலாடுவார், லிஃப்ட் சாயவும் கூடும். பதற்றத்தில் எல்லாரும் முதலில் செய்வது அந்த பிரேக்கைப் போடுவதுதான்.

இதில் மறுவாழ்வுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய. தொட்டிலை மாட்டியபடியே கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு உட்காரும் பயிற்சி கொடுப்பேன். சாய்ந்தால் தொட்டில் பிடித்துக்கொள்ளும், எனக்கு இரண்டு கையும் ஓய்வு. அப்புறம் பாய். தரையில் பாய் விரித்துப் புரள்வது, குப்புறப்படுத்து முழங்கையை ஊன்றுவது எல்லாம் அருமையான பயிற்சிகள். இறக்கிவிட்டால் யார் தூக்குவது என்ற பயத்தில்தான் செய்யாமல் விடுகிறோம். தரைவரை இறங்கும் லிஃப்ட் இருந்தால் அந்தப் பயம் இல்லை. விழுந்தவரைத் தூக்கவும் மேலே சொன்ன கருவிகளில் இது ஒன்றுதான் உதவும். வாங்கும்போது கேளுங்கள், எல்லா மாடலும் அவ்வளவு தூரம் இறங்காது.

ஹைட்ராலிக்கா, பேட்டரியா? இரண்டு பேர் எப்போதும் வீட்டில் இருந்தால் ஹைட்ராலிக் போதும். பம்ப் அடித்து ஏற்ற வேண்டும், இறக்கும்போது திருகை மெல்லத் திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் தொப்பென்று இறங்கும். பகலில் ஒருவர் மட்டும்தான் என்றால் பேட்டரி. ஒரு கையில் பட்டன், மறு கை நோயாளியின் முழங்காலில். கரண்ட் போனாலும் பேட்டரி ஓடும், ராத்திரி சார்ஜ் போட மறந்தால்தான் பிரச்சினை. கையால் இறக்கும் அவசர வசதி எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூரையில் தண்டவாளம் போட்டுத் தூக்கும் லிஃப்ட் இவை எல்லாவற்றையும்விட உத்தமம். தள்ளும் பாரமே இல்லை, அதே தண்டவாளத்தில் உடம்பைத் தாங்கும் பட்டையை மாட்டி நடைப்பயிற்சியும் கொடுக்கலாம். ஆனால் வாடகை வீட்டில் கூரையைத் துளையிட யார் விடுவார்கள்? சொந்த கான்கிரீட் வீடு, ஆயுளுக்கும் தேவைப்படும் நோயாளி என்றால் மட்டும் யோசியுங்கள், பொறியாளரைக் கேட்டுவிட்டு.

என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். புதிதாகப் பக்கவாதம் வந்து, உட்காரவே நிலைக்காதவர் என்றால் தொட்டில் லிஃப்டை மாத வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்களில்தான் நிலைமை வேகமாக மாறும். உட்காரவும் ஒரு காலில் தாங்கவும் தொடங்கியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டாண்ட் எய்டுக்கு வந்துவிடுங்கள். அதைத் தேடி வாங்குவதில் பணம் வீணாகாது. அப்புறம் பெல்ட், வாக்கர் என்று இறங்கலாம். கழுத்தில் அடிபட்டுக் கை கால் நான்கும் போனவருக்கு பேட்டரி லிஃப்டைச் சொந்தமாகவே வாங்குங்கள், இரண்டு தொட்டிலோடு. ஒன்று குளிக்க வைக்க, வலைத்துணியில். வீல்சேரில் உட்கார வைத்ததும் தொட்டிலை உருவிவிட வேண்டும்; மடிப்பு அழுத்திப் புண் வரும். இடுப்புக்குக் கீழே மட்டும் போனவருக்குப் பலகை போதும். நிற்கும் ஆசை அவருக்கு இருந்தால் அது தனிக் கதை, சென்னை ஐஐடியில் உருவாகி 2019இல் வெளிவந்த 'அரைஸ்' மாதிரியான நிற்கவைக்கும் வீல்சேரை ஒரு தடவை பார்க்கச் சொல்வேன். டிரான்ஸ்ஃபர் சேர் யாருக்கு? நன்றாக உட்காருவார், ஆனால் நிற்பார் என்ற எதிர்பார்ப்பு இனி இல்லை, வீட்டில் வயதான மனைவி மட்டும்தான். அவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

எது என்று குழம்பினால் ஃபிசியோ ஒருவரை நோயாளியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஃபிசியோக்களும் இருக்கிறார்கள். முதல் தடவை நிற்க வைப்பதற்கு முன் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், நாள்கணக்கில் படுத்தவருக்குத் தலை சுற்றி மயக்கம் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். தரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? லிஃப்டின் கால்கள் அங்கேதான் நுழைய வேண்டும், பல மாடல்களுக்குப் பதினைந்து செ.மீ. இருந்தால் நிம்மதி. அடியில் பெட்டி வைத்த திவான் கட்டிலுக்கு எந்தத் தரை லிஃப்டும் நுழையாது. இது தெரியாமல் லிஃப்ட் வந்து இறங்கிய பிறகு, கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்தவர்கள் உண்டு. செங்கல் நழுவும், ஆசாரியைக் கூப்பிட்டு மரக்கட்டை பொருத்தச் சொல்லுங்கள். பாத்ரூம் கதவு நிலையின் உள் அகலம், வாசற்படியின் உயரம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே லிஃப்ட் திரும்ப இடம், டாய்லெட் கோப்பையின் உயரம், நோயாளியின் எடை. கட்டிலடி இடைவெளியோடு சேர்த்து இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். லிஃப்டில் ஒட்டியிருக்கும் எடை வரம்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தொட்டிலின் எடை வரம்பு தனி, அதையும்.